இடைக்கதவுக் கண்ணாடி

மேலப்பாளையத்தில், மனைவியை அடக்கம் பண்ணிவிட்டு ஒற்றையாய் இருக்கும் ஆண்பிள்ளை வீட்டுக்குப் பெண்கள் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் தண்டோரா போட்டதில்லை. கால் தானாக நின்றுவிடும். மைதீனின் மனைவி ஹமீது பீவி இருந்தவரை அந்த வீட்டு முற்றத்தில் பொழுது விடிந்தால் ஏழெட்டுச் சொளவு வந்து இறங்கும். மடியில் அந்த முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, நடந்த கல்யாணம் நடக்காத கல்யாணம் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். அவள் மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவோடு அந்தக் கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு முற்றத்துக்கு வந்தது அணிலும் ஒரு திருட்டுப் பூனையும்தான்.

ஆள் நடமாட்டத்துக்கு மிச்சம் இருந்தது இடைக்கதவு ஒன்று. மைதீனின் மாமனார் தம் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு பெண்மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தவர். சுவரை எழுப்பியவர் அதில் ஒரு கதவையும் வைத்தார். "சண்ட போட்டா சாத்திக்கிடுங்க, சமாதானமானா தொறந்துக்கிடுங்க. தெருவ சுத்திக்கிட்டுப் போவாதீங்க" என்றாராம். 'லாத்தா' என்று அக்காளைக் கூப்பிட்டுக்கொண்டு தங்கை வருவாள், அக்காள் போவாள்; அதைச் சாத்தியதே கிடையாது. ஹமீது போன பிறகு, மறுபக்கம் இருந்த தங்கை ரைஹானத், தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். முறை அதுதான். அவள் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார், இந்தப் பக்கம் அக்காள் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். ஆனாலும் அந்தத் தாழ் விழுந்த சத்தத்தில், மனைவி இன்னொரு தடவை வீட்டைவிட்டுப் போனதுபோல இருந்தது மைதீனுக்கு.

தினமும் மதியம் லுஹர் பாங்குக்குப் பிறகு அந்தத் தாழ் ஒருமுறை திறக்கும். நிலைப்படியில் ஒரு தட்டு வந்து உட்காரும். கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

"மச்சான், சோறு வச்சிருக்கேன். சட்டுனு எடுத்துக்கிடுங்க, பூன நிக்கி."

"சரிம்மா."

அவ்வளவுதான். அந்த 'பூன நிக்கி'யைக் கேட்பதற்காகவே ஒரு மனிதர் காலையிலிருந்து காத்திருந்தார் என்றால் சிரிப்பு வரும். அன்றைய பொழுதுக்கு அவரிடம் யாரும் பேசிய பேச்சு அது ஒன்றுதான் என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

மைதீன் படம் வரைகிறவர். சிறுவயதில் கரித்துண்டு கிடைத்தால் போதும், பீடிக்கடைச் சுவரில் ஆட்டையும் கோழியையும் நிறுத்திவிடுவார். கல்யாணமான புதிதில் தம் படங்களை ஹமீதிடம் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனிதர் முகம் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"கையி காலு பூவு எல்லாம் வரைங்க. மொகம் மட்டும் வேண்டாங்க. நாளைக்கி மறுமையில, 'வரஞ்சேல்லா, அதுக்கு உயிரக் குடு'ன்னு கேப்பாங்க. நீங்க எங்க போவிய உயிருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மைதீன் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அவர் முகம் எழுதவில்லை. அவளை வரைந்து வரைந்து தள்ளினார். பீடி இலை வெட்டும் கை, தூளை அள்ளி வைக்கும் விரல், சொளவுக்கு முன்னால் குனிந்த முதுகு, கழுத்தில் நழுவிய சேலைத் தலைப்பு. எல்லாப் படத்திலும் அவள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு ஷார்ஜா. அங்கே வண்ணக் கண்ணாடிச் சன்னல் செய்யும் பட்டறையில் வேலை. ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு நிறமாகக் கண்ணாடி வெட்டி, ஓரங்களை ஈயப்பட்டையில் செருகி, சந்துகளைப் பற்றவைத்துச் சேர்ப்பது. பள்ளிவாசல்களுக்கு நட்சத்திரமும் கொடியும் பூவும். எப்போதாவது தேவாலயத்துக்குச் சன்னல் வந்தால் அதில் முகம் எழுத லெபனான்காரர் ஒருவர் தனியாக இருந்தார். ஆட்டுக்குட்டி, அங்கி, கைத்தடி, பாதம் வரைக்கும் மைதீன். கழுத்துக்கு மேலே லெபனான்காரர். கண்ணாடியில் கருவர்ணத்தால் கோடு இழுத்து, சூளையில் வேகவைத்து எடுப்பார். வெந்த கோடு பிறகு அழியாது. மைதீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கையில் தூரிகை வாங்கியதில்லை.

பாதி ஆயுள் அங்கேயே போயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு, அதிலும் பாதி நாள் கல்யாண வீடு, துக்கம் விழுந்த மையத்து வீடு. வீடியோ கால் வந்த காலத்தில் ஹமீது செல்போனைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டே பேசுவாள். ஆக மனைவியோடு பேசும்போதெல்லாம் மைதீன் பார்த்தது மின்விசிறியைத்தான். ஊரோடு வந்து சேர்ந்தபிறகு இருவரும் சேர்ந்து ஒரே ஒரு ரமலானில்தான் நோன்பு திறந்தார்கள். ஐப்பசி மழையில் நெஞ்சுவலி என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

வருஷம் திரும்பப்போகிற சமயத்தில்தான் ரைஹானத்தின் மகன் அப்ரார் வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கும் பையன். வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"உள்ள வாலே. என்ன புது மாப்பிள்ள மாதிரி நிக்க?"

"இல்ல பெரியவாப்பா. அந்த இடைக்கதவு இருக்குல்லா... ஞாயித்துக்கெழம கொத்தனார் வாராரு. கதவ எடுத்துட்டு அடச்சிரலாம்னு."

"உம்மா சொன்னாளா?"

"உம்மா ஒண்ணும் சொல்லல. கடையில ரெண்டு பேரு ஒரு மாதிரியாப் பேசுதானுவ. 'ஒங்க வீட்டுக் கதவு எந்தப் பக்கம் தாழ்'ன்னு கேக்கானுவ. நா அடிச்சிருவேன் பெரியவாப்பா. அடிச்சா பேச்சு பெருசாவும்."

அவன் குரல் உடைந்தது. மைதீனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரியாத வயசு. ஆனால் அந்தக் கதவு போனால் மதியச் சத்தமும் போய்விடும். முழுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன செய்வது என்று நினைத்தபடியே நிலையின் அகலத்தைச் சாணால் அளந்தார்.

"அடச்சிருவோம்டே. ஆனா கீழ்ப்பாதிக்குச் செங்கல்லு வையி. மேப்பாதிக்கு நா கண்ணாடி செஞ்சு தாரேன். தொறக்க முடியாது. ஆளு தெரியாது, நெழலும் நெறமும்தான் தெரியும். ஒங்க உம்மா இலை வெட்டுத அறைக்கு இந்தக் கதவு மேல உள்ள சந்துல வார முத்தத்து வெளிச்சத்த விட்டா வேற ஏது? முழுசா அடச்சா பகல்லயே லைட்டு போடணும்."

அப்ரார் யோசித்தான். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ரைஹானத் சொன்னாள்.

"வெளிச்சம் இருந்தாப் போதும்டே. மச்சான் செய்யட்டும்."

கொத்தனாருக்கு வேறு நாள் குறித்தார்கள்.

கண்ணாடியில் என்ன எழுதுவது என்பதில் மைதீனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஹமீது. சொளவோடு உட்கார்ந்த ஹமீது. இந்தத் தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற ஹமீது. மறுமையில் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம். அவளுடைய முகம் வீட்டில் எங்கும் இல்லை. மகள் கல்யாண ஆல்பத்தில் வாயைத் தலைப்பால் பொத்தியிருக்கிறாள். ஆதார் அட்டையில் இருப்பதோ யாருக்கும் சொந்தமில்லாத முகம். கண்ணை மூடினால் அவருக்கு விசிறி சுற்றுவதுதான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்ற பயம் அவரை உலுக்கியது.

முதலில் பென்சில். சுபுஹு தொழுதுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை வரைவார். கை பழகவில்லை. மூக்கு வந்தால் கண் போய்விடும், கண் வந்தால் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நீர்வர்ணம். அது ஈரத்தில் தன் இஷ்டத்துக்கு ஓடியது. அடுப்பெரிக்கிற அளவுக்குத் தாள் சேர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ரைஹானத் இலை வெட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசுவாள். கத்தரி 'கறுக் கறுக்'கென்று ஓடும். மைதீன் காது அங்கே, கை இங்கே. ஒரு நாள் தாளில் ஒரு முகம் சட்டென்று உயிரோடு திரும்பிப் பார்த்தது. மைதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வந்துட்டியாட்டீ" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அந்த முகத்தை அப்படியே கண்ணாடிக்கு ஏற்றினார். ஷார்ஜாவிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மிச்சத் துண்டுகள் இருந்தன. சேலைக்கு ஆற்றுத்தண்ணீர்ப் பச்சை, சொளவுக்கு மஞ்சள், இலைக்குத் தவிட்டு நிறம், முகத்துக்கு மாநிறத்தில் ஒரு துண்டு. கோடு இழுத்து, கூடவே கொண்டுவந்திருந்த சின்ன மின்சூளையில் வைத்துவிட்டு, கரண்டு போய்விடக்கூடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். கரண்டு போகவில்லை. முகம் வெந்து வந்தது. ஈயப்பட்டையில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்தபோது விரலெல்லாம் கீறல்.

வெள்ளிக்கிழமை மகள் ஹனீன் ஏர்வாடியிலிருந்து வந்தாள். மாமியார் கொடுத்துவிட்ட இனிப்புத் தம்மடையை மேசையில் வைத்தாள்.

"வாப்பா, சாப்ட்டியளா? என்ன இப்பிடிக் கருத்துப் போயிட்டிய?"

"அது கெடக்கட்டும். இங்கன வா, ஒண்ணு காட்டுதேன்."

முற்றத்து வெயிலுக்கு எதிராகச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். பச்சையும் மஞ்சளும் தரையில் சிந்தின. ஹனீன் வாயில் கைவைத்தாள். கண் நிறைந்தது. அப்புறம் அந்தக் கண்ணில் வேறு என்னவோ வந்தது. கிட்டே போனாள். தள்ளி நின்றாள்.

"எப்பிடி இருக்கு? உம்மாதானே?"

"வாப்பா..."

"சொல்லும்மா."

"இது உம்மா இல்ல வாப்பா. இது சாச்சி."

மைதீன் சிரித்தார். "அக்கா தங்கச்சி மொகம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"இருக்கும். ஆனா இந்த எடது புருவத்துல வெட்டுத் தழும்பு? உம்மாவுக்கு ஏது தழும்பு? சாச்சி சின்னதுல கெணத்தடியில விழுந்தாளாம்லா, அது." அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாப்பா, இத அப்ரார் பாத்தா என்ன ஆவும்? ஊரு பாத்தா?"

மைதீன் சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பார்த்தார். தழும்பு இருந்தது. சின்னக் கோடு, நிதானமாக, அழகாக இழுத்த கோடு. இழுத்தது அவர் கைதான். ரைஹானத்தை அவர் நேருக்கு நேர் எப்போது பார்த்தார்? ஹமீதைத் தூக்கிப்போன அன்று, முக்காடு நழுவியது தெரியாமல் அவள் இந்தக் கதவில் தலையை முட்டி அழுதபோது. அவ்வளவுதான். தினமும் கேட்ட குரல் அந்த முகத்தை இழுத்துக்கொண்டு வந்து அவர் விரலில் வைத்திருக்கிறது.

அவர் மனசில் கள்ளம் இல்லை. அது அவருக்கே தெரியும். அதைவிடப் பெரிய அடி வேறொன்று. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹனீனு, எனக்கு ஒங்க உம்மா மொகம் மறந்து போச்சும்மா."

ஹனீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு. நீ கூடவே கெடந்தவ. நீ சொல்லச் சொல்ல நா போடுதேன்." பென்சிலைத் தேடி எடுத்தார். "மூக்கு எப்பிடி?"

"மூக்கு... கொஞ்சம் கூர்மையா... இல்ல வாப்பா, கூர்மைன்னு சொல்ல முடியாது." அவள் கண்ணை மூடினாள். நெற்றியைச் சுருக்கினாள். முற்றத்தில் அணில் கத்தியது. "கை தெரியுது. பீடித்தூளு வாடை தெரியுது. அசைஞ்சு அசைஞ்சு நடக்கது தெரியுது. மொகம்... அது சும்மா உம்மா மாதிரி இருக்கும் வாப்பா. எனக்கும் சொல்ல வரலியே."

"கை எனக்கும் தெரியுது" என்றார் மைதீன்.

வாப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ஒருவர் அழுவதை இன்னொருவர் தடுக்கவில்லை. பிறகு ஹனீன் எழுந்து தம்மடையை வெட்டி அவர் கையில் வைத்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்படும்போது, "அந்தத் துண்ட மட்டும் எடுத்துருங்க வாப்பா" என்றாள்.

வெந்த கோட்டை அழிக்க முடியாது. மைதீன் ஈயத்தை நெம்பி முகத்துண்டை வெளியே எடுத்தார். அந்த இடத்துக்குத் தலைப்பு மூடிய பின்தலையாக ஒரு பச்சைத்துண்டு வெட்டினார். முன்பக்கம் இருந்த கழுத்து, கை, மடித் துண்டுகளையும் மாற்றி முதுகாக்கினார்; சொளவின் ஓரம் மட்டும் மஞ்சளாய் வெளியே தெரிந்தது. அதற்கு அவர் எதையும் பார்த்து வரைய வேண்டியிருக்கவில்லை. கை தானே போயிற்று. மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஹமீது வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். இப்போது அது சந்தேகமில்லாமல் அவள்தான்.

எடுத்த துண்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. உடைக்க மனசு வரவில்லை. வைத்துக்கொள்வது முறையில்லை.

குறித்த நாளில் கொத்தனார் குற்றாலலிங்கம் வந்தார். கதவைக் கழற்றினார்கள். ரைஹானத் அடுப்படிக்குப் போய்விட்டாள். இடுப்பளவுக்குச் செங்கல் ஏறியது. அப்ரார் தண்ணீர் எடுக்கப் போன சமயம், மைதீன் துணியில் சுற்றியிருந்த துண்டை நீட்டினார்.

"அண்ணாச்சி, இத உள்ள வச்சுக் கலவயப் போட்டுருங்க."

"என்ன பாய் இது?"

"கழிவுக் கண்ணாடி."

குற்றாலலிங்கம் துணியை ஓரமாக விலக்கிப் பார்த்தார். பிறகு மைதீனைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் அதைப் படுக்கவைத்து, கரண்டி கரண்டியாகக் கலவையை அள்ளி மூடினார். மேலே அடுத்த வரி ஏறியது.

அதற்கு மேல் கண்ணாடிச் சட்டம் உட்கார்ந்தது. அப்ரார் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"உருவம் இருக்கே பெரியவாப்பா?"

"மொகம் இல்லல்லா. மொகம் இல்லாட்டா உருவத்துல சேராதும்பாங்க."

அவன் பெரியம்மாவின் முதுகை நன்றாகவே அடையாளம் தெரிந்துகொண்டான். அந்த முதுகில் ஏறிச் சவாரி செய்தவன்தானே. ஓரத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தன் சட்டையால் துடைத்தான்.

கண்ணாடி வேலையில் ஒரு வஞ்சகம் உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக்குத்தான் நிறம். பகலெல்லாம் முற்றத்து வெயிலை வாங்கிக் கண்ணாடி ரைஹானத்தின் அறையில் பச்சையும் மஞ்சளுமாக இறைத்தது. செய்த மனிதருக்கு, முற்றத்துப் பக்கம், அது கறுத்த தகடாக நின்றது. சோறும் இப்போது தெரு வழியாக, தூக்குவாளியில், அப்ரார் கையில் வந்தது. அவன் வைத்துவிட்டு ஓடிவிடுவான். பூனையைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. பொழுதடைந்து மக்ரிபுக்குப் பிறகு அந்த அறையில் விளக்கெரியும்போது மட்டும் மைதீனுக்கு நிறம் வரும். இஷா தொழுகை வரைக்கும் நாற்காலியைப் போட்டு ஹமீதின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கண்ணாடி சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கியது.

"மச்சான், இருக்கியளா?"

"இருக்கேம்மா."

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். லாத்தாவ நீங்க எங்க பக்கம் முதுகக் காட்டித்தான் உக்கார வச்சிருக்கிய. இங்கன இருந்து பாத்தா அவ உங்க பக்கம் பாத்துட்டு இருக்கா."

மைதீன் இதை யோசித்ததே இல்லை.

"இங்கன இருந்து பாத்தா ஒன் பக்கம்லா பாத்துட்டு இருக்கா" என்றார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு விளக்கு அணைந்தது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தோ என்னவோ, அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ஐப்பசி வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில் நனைந்து ஹமீதின் கபருக்குப் போய்வந்த மைதீன், காய்ச்சலில் படுத்தார். ஹனீனுக்குப் போன் பண்ணலாம் என்று நினைத்தார், பிள்ளை இந்த மழையில் ஏன் அலையவேண்டும் என்று விட்டுவிட்டார். முந்தின நாள் தூக்குவாளி திறக்காமல் கிடந்தது. பொழுது விடிந்ததும் தெரியவில்லை. செத்துப்போனால் யாருக்கு எப்போது தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். மதியம் அப்ரார் வாளியை வைத்துவிட்டு ஓடுவான். மறுநாளும் ஓடுவான். வெள்ளிக்கிழமை பள்ளியில் யாராவது கேட்கலாம்.

வெளியே மழை விட்டு வெயில் அடித்தது போலிருந்தது. டக் டக்கென்று சத்தம். கனவு என்று நினைத்தார். மறுபடி டக் டக். கண்ணாடியை விரல் மடக்கித் தட்டும் சத்தம்.

"மச்சான்! மச்சானோவ்!"

பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை.

"மச்சான், காலையில இருந்து உங்க நெழலு இங்கன வரலியே? வெயில் வந்து இம்புட்டு நேரமாச்சு. தெனம் முத்தத்துல நடக்கையில லாத்தா மேல விழுந்துட்டுப் போவும்லா. இன்னைக்கி அவ மட்டும் தனியா இருக்காளே. ஏ மச்சான்!"

மைதீன் சுவரைப் பிடித்து எழுந்தார். தலை சுற்றியது. ஈர முற்றத்தைக் கடந்து, கறுத்துக்கிடந்த கண்ணாடிக்கு முன்னால் வந்து, வெயிலைத் தம் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஈயக் கோடுகள் மட்டும்தான்.

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆங், தெரியுது" என்றாள் ரைஹானத். "அப்ராரக் கூப்புடுதேன், டாக்டர்ட்ட போலாம். அதுவர நவுராம அங்கனயே நில்லுங்க."

"நிக்கேன்" என்றார் மைதீன்.

அவர் நின்றார்.